நீச்சல் குளத்தை முன்னதாகத் திறப்பதா, வெயில் வரக் காத்திருப்பதா?

குளத்தின் மேல் கிடந்த கவரின் ஒரு மூலையைத் தூக்கியதும் முதலில் வந்தது வாசனைதான். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த தொட்டியின் வாசனை. கையை விட்டுப் பார்த்தேன், குளிர் எலும்பு வரை ஏறியது. தண்ணீர் பச்சையாக இல்லை. லேசாகக் கலங்கியிருந்தது, அடியில் இலைகள் கறுத்துப் படிந்திருந்தன. ‘இந்தக் குளிரில் யார் குளிக்கப் போகிறார்கள், இன்னும் ஒரு மாதம் போகட்டும்’ என்று மூலையை மறுபடி இறக்கிவிட்டேன். அந்த ஒரு மாதத்துக்கு நான் கட்டிய தண்டம்தான் இந்தக் கட்டுரை.

குளிர்காலம் முழுக்க மூடி வைத்த வீட்டுக் குளத்தை முதல் முறையாகத் திறக்கிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, ‘எந்த மருந்து போடணும்?’ அது நாலாவது கேள்வி. எப்போது திறப்பது, யார் திறப்பது, கெட்டுப்போன தண்ணீரை என்ன செய்வது என்ற மூன்றும் அதற்கு முன்னால் வரிசையில் நிற்கின்றன. முதல் கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்டால் மற்றவை தாமாகவே பாதியாகச் சுருங்கிவிடும் என்பது என் கட்சி.

எப்போது?

பாசிக்கு நாள்காட்டி தெரியாது, தண்ணீரின் சூடுதான் தெரியும். சுமார் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது பெரும்பாலும் சோம்பிக் கிடக்கும். அதைத் தாண்டினால் விழித்துக்கொள்ளும். 20 டிகிரியும் வெளிச்சமும் சேர்ந்து, குளோரினும் இல்லாமல் போனால் சில நாட்களிலேயே குளம் குட்டையாகிவிடும். மூடும்போது போட்ட குளோரின் பனிக்காலம் முடியும் வரை தாங்குவது அபூர்வம். அதனால் கவருக்கு அடியில் இருப்பது அநேகமாகக் காவலில்லாத தண்ணீர்.

முன்னதாகத் திறந்தால் என்ன நஷ்டம்? யாரும் குளிக்காத நாலைந்து வாரம் பம்ப் ஓட வேண்டும். அந்த மின்சாரம் தண்டச் செலவு போலத் தோன்றும். வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீரைச் சோதிக்க வேண்டும். ஆனால் குளிர்ந்த தண்ணீரில், வெயில் தாழ்வாக அடிக்கும் நாட்களில், குளோரின் செலவு மிகக் குறைவு. தாமதமாகத் திறந்தால் அந்த மின்சாரம் மிச்சம்தான். பச்சையாகிப்போன குளத்தைத் தெளிய வைக்க இரண்டு மூன்று வாரம் இரவு பகலாக பம்ப் ஓடும்போது, அந்த மிச்சம் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

அதற்காக அவசரப்பட்டு ரொம்பவும் முந்தக் கூடாது. குழாய்களில் தண்ணீர் நிரம்பிய பிறகு இரவில் கடும் உறைபனி வந்தால், நின்ற தண்ணீர் பனிக்கட்டியாகி விரிந்து குழாயையோ பம்பின் உடம்பையோ பிளந்துவிடும். ஓரிரு இரவு மட்டும் அப்படி என்றால் பம்பை விடிய விடிய ஓட விடலாம், ஓடும் தண்ணீர் எளிதில் உறையாது. மின்சாரம் அடிக்கடி போகும் இடமென்றால் அந்தச் சூதாட்டமும் வேண்டாம். ஆக, உறைபனி ஓய்வதற்கும் தண்ணீர் 15 டிகிரியைத் தொடுவதற்கும் நடுவில் இருக்கும் சில வாரங்கள்தான் நமக்கான சந்து. வெப்பமானியை மேல்மட்டத்தில் மிதக்க விட்டுப் பார்ப்பதில் பயனில்லை. முழங்கை ஆழத்துக்காவது இறக்கிப் பார்க்க வேண்டும்.

கவரின் வகையும் இதில் கணக்கு. வலைக் கவர் என்றால் மழைநீரும் உருகிய பனியும் வெளிச்சமும் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். மருந்தெல்லாம் நீர்த்துப்போயிருக்கும், பாசிக்கும் வெளிச்சம் கிடைத்திருக்கும். அப்படிப்பட்ட குளத்தைத் தள்ளிப்போடவே கூடாது. தண்ணீர் புகாத கெட்டிக் கவர் உள்ளவர்களுக்கு ஓரிரு வாரம் சலுகை உண்டு. உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அந்தக் கருவிகளில் பல, தண்ணீர் சில்லென்று இருக்கும்வரை வேலையே செய்யாது. சீக்கிரம் திறந்தால் முதல் சில வாரம் கையால்தான் குளோரின் ஊற்ற வேண்டும்.

யார் கையால்?

ஆள் வைத்துத் திறப்பதில் நாம் காசு கொடுப்பது எதற்கு என்று தெரிந்துகொண்டால் முடிவு எளிது. வருகிறவர் கவரை எடுப்பார், குழாய்வாய்களில் அடைத்திருக்கும் பிளக்குகளைக் கழற்றுவார், பம்பையும் ஃபில்டரையும் மாட்டி ஓட விடுவார், முதல் தவணை மருந்தைப் போடுவார், போய்விடுவார். அரை நாள் வேலை. தண்ணீர் உண்மையில் தெளிவது அவர் போன பிறகு வரும் வாரத்தில், நம் தலையில்.

நீங்களே மூடிய குளம் என்றால் நீங்களே திறக்கலாம். எதை எங்கே கழற்றி வைத்தோம் என்பது நினைவிருக்கும். வேறு யாரோ மூடியது, அல்லது குளத்தோடு வாங்கிய வீடு என்றால், முதல் வருடம் ஆள் வைத்துக்கொள்வதே நல்லது. ஆனால் அவர் வேலை செய்யும்போது வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் போனில் படம் எடுங்கள். எந்த வால்வு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, ஸ்கிம்மருக்குள் (மேல்மட்டத் தண்ணீரை உள்ளிழுக்கும் சுவர்ப்பெட்டி) எந்த பிளக் இருந்தது என்பதெல்லாம் அடுத்த வருடம் தங்கமாகப் பயன்படும்.

தானே செய்கிறவர்கள் தடுக்கி விழுகிற இடங்கள் சின்னச் சின்னவை. பம்பிலிருந்து கழற்றிய வடிகால் திருகுகளை எங்கே வைத்தோம் என்று வீடெல்லாம் தேடுவோம், பம்பின் கூடைக்குள்ளேயே கிடக்கும். ஓ-ரிங்குக்கு, அதாவது மூடியின் ரப்பர் வளையத்துக்கு, வாஸ்லைன் தடவக் கூடாது, ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். சிலிக்கோன் கிரீஸ்தான் சரி. தண்ணீர் மட்டம் ஸ்கிம்மர் வாயின் பாதிக்கு வந்த பிறகுதான் பம்பைத் தொட வேண்டும். பம்பின் பானையில் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, ஃபில்டர் தலையில் இருக்கும் காற்று வால்வைத் திறந்துவிட்டு ஓட விடுங்கள். முதலில் குழாய்வாய்கள் இருமும். காற்றும் நுரையுமாக ‘ப்ளக் ப்ளக்’ என்று துப்பிவிட்டு, பிறகு சட்டென்று ஓசை அடங்கி, தண்ணீருக்கு அடியில் ஒரு தள்ளல் மட்டும் தெரியும். காற்று வால்வில் தண்ணீர் பீய்ச்சியதும் அதை மூடிவிடலாம். அந்த நேரத்தில் அழுத்தமானி காட்டும் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பம்ப் ஓடும்போது ஃபில்டரின் பலவழி வால்வைத் திருப்பக் கூடாது, அழுத்தம் இருக்கும்போது ஃபில்டரின் இறுக்குப் பட்டையைத் தொடவே கூடாது. பிரேக்கர் விழுந்துகொண்டே இருந்தால் எலக்ட்ரீஷியன்தான். அதில் ஒப்பிட ஒன்றுமில்லை.

கவரை எடுப்பது பற்றி ஒரே ஒரு கணக்கு. 8 மீட்டருக்கு 4 மீட்டர் குளத்தின் கவர்மேல் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது 1,600 லிட்டர், அதாவது 1.6 டன். இரண்டு பேர் சேர்ந்து இழுத்துவிடலாம் என்று நினைத்த எனக்கு அந்தத் துருநிறத் தண்ணீர் முழுவதும், இலை, புழு, தவளை முட்டை சகிதம், குளத்துக்குள் சரிந்ததுதான் மிச்சம். சின்ன கவர் பம்ப் வைத்து முதலில் இறைத்துவிடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் கவர்மேல் தேங்கும் தண்ணீரே தனி ஆபத்து, அதை எந்த மாதத்திலும் விட்டு வைக்கக் கூடாது.

கொட்டுவதா, தேற்றுவதா?

கவரைத் திறந்தால் பச்சைக் குழம்பு. பார்த்தவுடன் யாருக்கும் தோன்றுவது, ‘எல்லாத்தையும் இறைச்சுட்டுப் புதுத் தண்ணி விட்டுடலாம்.’ மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை இது.

தரைக்குள் கட்டிய குளம் என்பது மண்ணுக்குள் வைத்த ஒரு பெரிய பாத்திரம். உள்ளே இருக்கும் தண்ணீரின் எடைதான் அதை அமுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. வெளியே நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்திருக்கும்போது உள்ளே காலி செய்தால், கீழிருந்து வரும் அழுத்தம் குளத்தையே படகு மாதிரி மேலே தூக்கிவிடும். ஃபைபர்கிளாஸ் குளம் புடைக்கும், விரியும், எழும்பும். கான்கிரீட் குளமும் இதற்கு விலக்கில்லை. வினைல் விரிப்பு போட்ட குளத்தில் விரிப்பு மிதந்து மடியும். வெளியில் எடுத்துக் காய விட்டால் சுருங்கி, மறுபடி பொருந்தாமல் போகும். இதில் வேடிக்கை என்னவென்றால், பனி உருகி, மழையும் பெய்து, நிலத்தடி நீர் உயர்ந்து நிற்பது பல இடங்களில் குளத்தைத் திறக்கிற இதே பருவத்தில்தான். அடி வடிகாலில் அழுத்தம் குறைக்கும் வால்வு இருக்கிறதே என்று சிலர் தைரியம் சொல்வார்கள். வருடக்கணக்கில் யாரும் தொடாத அந்த வால்வு மண்ணடைத்துக் கிடந்தால் தெரிந்துகொள்ள வழி கிடையாது.

பச்சைத் தண்ணீரைத் தேற்ற முடியும். பாசி எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் அது உயிர், குளோரினுக்குச் செத்துத்தான் ஆக வேண்டும். தண்ணீரை மாற்றுவதற்கு உண்மையான காரணம் நிறம் அல்ல, கரைந்திருப்பவை. சயனூரிக் அமிலம், அதாவது குளோரினை வெயிலிலிருந்து காக்கும் ஸ்டெபிலைசர், 100 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் நூறு பங்கை) தாண்டியிருந்தால் அதை மருந்து போட்டு எளிதில் இறக்க முடியாது, தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றத்தான் வேண்டும். அதையும் மூன்றில் ஒரு பங்கு வீதம், மழை ஓய்ந்த காலத்தில், இறைக்க இறைக்கப் புதுத் தண்ணீர் விட்டுச் செய்யலாம்.

ஒன்று மட்டும் முதலில்: இலைகளை அள்ளுங்கள். அடியில் மக்கிய இலை இருக்கும்வரை நீங்கள் ஊற்றும் குளோரினை அதுவே தின்றுகொண்டிருக்கும். பை மாதிரி ஆழமான வலையால், கண்ணுக்குத் தெரியாத அடியைக் குருட்டாம்போக்கில் துழாவி, இலை வருவது நிற்கும்வரை. சலிப்பான வேலை, குறுக்குவழி இல்லை.

இன்னொரு பச்சையும் உண்டு. தண்ணீர் பச்சையாகவே இருந்தும் அடி பளிச்சென்று தெரிந்தால், அது பாசியாக இருக்காது, செம்பாக இருக்கலாம். குளோரின் போட்டதும் தெளிந்த தண்ணீர் பழுப்பானால் இரும்பு. கிணற்றுத் தண்ணீர் விட்டவர்கள் குளோரினைக் கொட்டும் முன் உலோகச் சோதனை ஒன்று செய்துகொள்வது நல்லது, கறை சுவரில் ஏறிவிட்டால் இறக்குவது பாடு.

எந்தக் குளோரின்?

கடை அலமாரியில் பத்து டப்பா இருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் நாலே வகை. திரவக் குளோரின், கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள், டைகுளோர் தூள், டிரைகுளோர் மாத்திரை. நாலும் குளோரின்தான் கொடுக்கும். கூடவே எதை விட்டுவிட்டுப் போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

டிரைகுளோர் 10 பிபிஎம் குளோரின் கொடுத்தால் கூடவே 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் விட்டுப்போகும். டைகுளோரில் அது 9. கால்சியம் ஹைப்போ அதே 10 பிபிஎம்முக்குக் கடினத்தன்மையை, அதாவது தண்ணீரில் கரைந்த கால்சியத்தின் அளவை, சுமார் 7 பிபிஎம் கூட்டும். திரவக் குளோரின் கொஞ்சம் உப்பை மட்டும் விடும், அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. நாளுக்கு 2 பிபிஎம் வீதம் மூன்று மாதம் மாத்திரையை மட்டுமே நம்பினால் 180 பிபிஎம் குளோரின். அதோடு 108 பிபிஎம் சயனூரிக் அமிலம். மேலே சொன்ன, தண்ணீர் மாற்ற வேண்டிய நிலைக்கு ஒரே பருவத்தில் வந்துவிடலாம். சயனூரிக் அமிலம் கெட்டதில்லை. அது இல்லாவிட்டால் நல்ல வெயிலில் குளோரின் பாதி ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். 30 முதல் 50 பிபிஎம் வரை இருந்தால் நிழல்குடை, அதற்கு மேல் ஏற ஏறக் குளோரினின் கையைக் கட்டிப்போடும் கயிறு.

திறக்கும் வேலைக்கு என் ஓட்டு திரவத்துக்கு. எவ்வளவு ஊற்றினாலும் வேறெதுவும் ஏறாது, உடனே கலக்கும். குறை இரண்டு: தூக்கிச் சுமக்க வேண்டும், வைத்திருந்தால் வீரியம் குறையும். போன வருடத்து கேன் பாதித் தண்ணீர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சேர்த்து வைக்க வேண்டுமென்றால் கால்சியம் ஹைப்போ நன்றாகத் தாங்கும். வாளித் தண்ணீரில் தூளைப் போட்டுக் கரைத்து ஊற்ற வேண்டும், தூளின்மேல் தண்ணீர் விடக் கூடாது. வினைல் விரிப்பில் கரையாத மணி விழுந்தால் அந்த இடம் வெளுத்துவிடும். மாத்திரை வெளியூர் போகும் வாரத்துக்கு வசதி, பச்சைக் குளத்தைத் தேற்ற அது உதவாது. மெல்லக் கரைவதற்கென்றே செய்த பொருள் அது.

மாத்திரை போட்ட மிதவையிலோ வாளியிலோ கால்சியம் ஹைப்போவை ஒருபோதும் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். அமிலமும் குளோரினும் சேர்ந்தால் நச்சு வாயு. ஒரே கரண்டியை இரண்டுக்கும் பயன்படுத்துவதுகூட ஆபத்து.

அளவுக்கு ஒரு உதாரணம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.5 மீட்டர் ஆழம்: 48,000 லிட்டர். 1 பிபிஎம் ஏற்ற 48 கிராம் குளோரின் வேண்டும். 10 சதவீதத் திரவத்தில் அது ஏறக்குறைய அரை லிட்டர். பச்சையைக் கொல்ல, சயனூரிக் அமிலம் எவ்வளவோ அதில் 40 சதவீதம் குளோரின் நிற்க வேண்டும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு. 30 பிபிஎம் அமிலம் இருந்தால் 12 பிபிஎம் குளோரின், அதாவது சுமார் ஆறு லிட்டர் திரவம். அதற்கு முன் பிஎச்சை (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7.2 பக்கம் இறக்கிக்கொள்ள வேண்டும். குளோரின் ஏறிய பிறகு பிஎச் சோதனை சரியாகக் காட்டாது. ஸ்டெபிலைசர் இல்லாத தண்ணீரில் 7.2-ல் குளோரினின் மூன்றில் இரண்டு பங்கு வீரியமான வடிவில் இருக்கும், 8-ல் கால் பங்குதான்.

இங்கேயும் இரண்டு வழி. ஒரே ராத்திரியில் பெரிய அளவைக் கொட்டிவிட்டு நாலு நாள் பார்க்காமல் இருப்பது ஒன்று. அந்த 12-ஐ ஒரு நாளைக்கு மூன்று நாலு முறை சோதித்து, குறைந்ததை ஊற்றி, சுவரைத் தேய்த்து, விடாமல் பிடித்து வைப்பது இன்னொன்று. முதல் வழியில் குளோரின் சாயங்காலம் ஏறி மறுநாள் மத்தியானத்துக்குள் காலியாகும், மிஞ்சிய பாசி திரும்ப வளரும். நான் இரண்டு வாரம் அப்படித்தான் ஏமாந்தேன். விடாப்பிடி வழிக்கு மாறிய பிறகு நாலாம் நாள் பச்சை சாம்பலானது.

ஊற்றிய குளோரின் அரை மணி நேரத்தில் மாயமாகிவிடுகிறதா? குளிர்காலத்தில் சில குளங்களில் பாக்டீரியா சயனூரிக் அமிலத்தைத் தின்று அம்மோனியாவாக மாற்றிவிடும். அமிலச் சோதனை பூஜ்யம் காட்டும், குளோரின் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. பயப்பட வேண்டாம், அம்மோனியா தீரும்வரை ஊற்ற வேண்டியதுதான். தீர்ந்ததும் குளோரின் தானாக நிற்கத் தொடங்கும்.

சோதிப்பதற்குப் பட்டையா, துளிமருந்தா? துளிமருந்து. பட்டையில் 5-க்கும் 10-க்கும் உள்ள நிற வித்தியாசத்தை வெயிலில் கண்ணைச் சுருக்கிப் பார்த்து முடிவெடுப்பது ஜோசியம். சாதாரணத் துளிமருந்திலும் ஒரு பொறி உண்டு. குளோரின் மிக அதிகமாக இருந்தால் வர வேண்டிய இளஞ்சிவப்பு வெளுத்து, ஒன்றுமே இல்லாததுபோல் காட்டும். நிறம் போகும்வரை துளிகளை எண்ணும் வகை கொஞ்சம் கூடுதல் வேலை, ஆனால் பொய் சொல்லாது.

பாசி செத்த பிறகு வரும் வெள்ளைக் கலங்கல்தான் பொறுமையைச் சோதிக்கும். ஃபில்டரை நம்பிக் காத்திருக்கலாம், கலங்கலை உருட்டி அடியில் படிய வைக்கும் ஃப்ளாக் போடலாம். தேற்றாங்கொட்டை செய்கிற அதே வேலையைத்தான் ஃப்ளாக் செய்கிறது. ஒரே இரவில் தெளியும், ஆனால் படிந்ததை ஃபில்டர் வழியாக விடாமல் நேரே வெளியே உறிஞ்ச வேண்டும், கணிசமான தண்ணீர் போகும். வெளியே விடும் வழி இல்லாத கார்ட்ரிட்ஜ் ஃபில்டர்காரர்களுக்கு அது ஒத்துவராது. எனக்கு ஃபில்டரே போதும். எழுதி வைத்த அழுத்தத்தைவிட நாலில் ஒரு பங்கு ஏறினால் மணல் ஃபில்டரை பேக்வாஷ் செய்யுங்கள் (தண்ணீரை எதிர்த்திசையில் ஓட்டிக் கழுவுவது), கார்ட்ரிட்ஜ் என்றால் கழற்றிக் கழுவுங்கள். மணலை அதற்கு முன்னாலேயே கழுவிக்கொண்டிருக்காதீர்கள், கொஞ்சம் அழுக்குப் பிடித்த மணல்தான் நன்றாக வடிகட்டும்.

முடிந்தது என்று எப்படித் தெரியும்? பொழுது சாய்ந்த பிறகு குளோரின் அளவை எடுங்கள், வெயில் வருமுன் மறுபடி எடுங்கள். ராத்திரியில் 1 பிபிஎம்முக்கு மேல் குறையவில்லை, கட்டுண்ட குளோரின் (அழுக்கோடு சேர்ந்து வீரியம் இழந்தது) 0.5-க்கு மேல் இல்லை, அடி வடிகாலின் மூடி தெளிவாகத் தெரிகிறது என்றால் தண்ணீர் தேறிவிட்டது. பிறகு குளோரினை வழக்கமான அளவுக்கு இறங்க விட்டு, பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் வைத்து, காரத்தன்மையையும் கடினத்தன்மையையும் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம். அடி தெரியாத தண்ணீரில் மட்டும் யாரையும் இறங்க விடாதீர்கள். ஒருவர் மூழ்கினால் பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது.

அடுத்த வருடம் வெப்பமானி 11 டிகிரி காட்டியபோதே கவரை எடுத்தேன். கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் எடுத்தேன், பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாக விசித்திரமாகப் பார்த்தார். மூன்று லிட்டர் திரவம், இரண்டு நாள் இலை அள்ளல். ஐந்தாம் நாள் கரையில் நின்றபடியே வடிகால் மூடியின் திருகுகளை எண்ண முடிந்தது. குளிக்க இன்னும் ஆறு வாரம் இருந்தது.